படகு என்ஜினில் அலாரம் அடித்தால் என்ன செய்வது? தொண்டிக் கடலுக்கு ஒரு காரைக்குடிப் பட்டறை வழிகாட்டி

காரைக்குடியில் கடல் இல்லை. ஆனால் தேவகோட்டை, திருவாடானை வழியாகக் கிழக்கே போனால் தொண்டி வந்துவிடும். அதற்கு வடக்கே கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம். அந்தக் கரையில் ஓடும் என்ஜின்களின் பம்பும் டைனமோவும் ஸ்டார்ட்டரும் டிராக்டர் சாமான்களோடு சேர்ந்து எங்கள் பட்டறைக்கும் வருகின்றன. கொண்டுவருகிறவர்கள் சொல்வது பெரும்பாலும் ஒரே வசனம்: “அண்ணே, அலாரம் சும்மா சும்மா கத்துச்சு. வயரைப் பிடுங்கி விட்டுட்டோம்.”

அலாரம் பொய்யாக அடிப்பது உண்டு. உப்புக்காற்றில் கிடக்கும் வயரும் சுவிட்சும் பொய் சொல்லத்தான் செய்யும். ஆனால் அது பொய் என்று தீர்ப்புச் சொல்வதற்கு ஒரு கேஜ், அதாவது அழுத்தத்தை எண்ணில் காட்டும் அளவுமானி, சாட்சிக்கு வர வேண்டும். காதும் அனுபவமும் போதாது. அந்தச் சாட்சியை எப்படி எடுப்பது, எந்த வரிசையில் தேடுவது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். விசைப்படகின் உள் என்ஜினை மனதில் வைத்தே பேசுகிறேன். படகின் பின்பக்கம் வெளியே மாட்டும் அவுட்போர்டு என்ஜினுக்குத் தனியாக ஒரு பகுதி பின்னால் இருக்கிறது.

கிளம்பும் முன் பஸ்ஸரைச் சோதியுங்கள்

சாவியை ‘ஆன்’ பக்கம் திருப்புங்கள், ஸ்டார்ட் செய்யாதீர்கள். பெரும்பாலான என்ஜின்களில் அந்த நொடியே பஸ்ஸர் அடிக்க வேண்டும், ஆயில் விளக்கும் சார்ஜ் விளக்கும் எரிய வேண்டும். என்ஜின் ஓடாதபோது ஆயில் பிரஷர் பூஜ்யம். அதைத்தான் அது சொல்கிறது. ஸ்டார்ட் ஆகிச் சில நொடிகளில் சத்தம் அடங்கிவிடும். சாவி போட்டும் சத்தமே வரவில்லையா? அதைச் சரிசெய்யாமல் கிளம்பக் கூடாது. கடலில் அலறும் என்ஜினைவிட, அலற முடியாத என்ஜின்தான் ஆபத்து. எங்களிடம் வந்த சில என்ஜின்களில் பஸ்ஸர் செத்து எத்தனையோ மாதம் ஆகியிருந்தது, யாரும் கவனித்திருக்கவில்லை.

சில பேனல்களில் டெஸ்ட் பட்டன் தனியாக இருக்கும். அது பஸ்ஸரையும் விளக்குகளையும் மட்டும்தான் சோதிக்கும். அலாரத்தைத் தூண்டுகிற, என்ஜினில் இருக்கும் சுவிட்சைச் சோதிக்காது.

கடலில் அடித்தால் முதலில் செய்ய வேண்டியது

ஆக்சிலரேட்டரைக் குறைத்து கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவாருங்கள். உடனே பேனலைப் பாருங்கள்.

ஆயில் விளக்கு எரிந்தால் யோசிக்காமல் என்ஜினை நிறுத்துங்கள். ‘கொஞ்ச தூரம்தானே’ என்ற கணக்கு இங்கே செல்லாது. ஆயில் இல்லாமல் பேரிங்கும் கிராங்கும் உரசிப் பிடித்துக்கொள்ள அதிக நேரம் வேண்டாம்.

டெம்பரேச்சர் விளக்கு எரிந்தால், கடல் தண்ணீர் வெளியே வருகிறதா என்று எட்டிப் பாருங்கள். தண்ணீர் வந்துகொண்டிருந்தால் நியூட்ரலில் மூன்று நான்கு நிமிடம் ஐடிலில் ஓடவிடலாம். முள் இறங்கிவிட்டால் பாரம் அதிகமாகிச் சூடேறியிருக்கிறது என்று அர்த்தம். தண்ணீர் வரவில்லை என்றாலோ, முள் தொடர்ந்து ஏறினாலோ நிறுத்திவிடுங்கள். சூடான பிளாக் மேல் கடல் தண்ணீரை வாரி ஊற்றக் கூடாது, ஹெட் விரிசல் விட்டுவிடும்.

நிறுத்தியதும் கையில் ஸ்பானரை எடுக்காதீர்கள். முதலில் நங்கூரம். பாக் நீரிணை ஆழம் குறைந்த கடல், நங்கூரம் பிடிக்கும். என்ஜின் இல்லாத படகு நீரோட்டத்தில் எந்தப் பக்கம் போகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இந்தக் கடலில் இலங்கையோடு 1974-ல் போட்ட எல்லைக்கோடு பக்கத்தில்தான் இருக்கிறது. பழுது பார்ப்பதில் மூழ்கிவிட்டால் படகு எங்கே நகர்கிறது என்று யாருக்கும் தெரியாது. சரிசெய்ய முடியாது என்று தோன்றினால் வி.எச்.எஃப். ரேடியோவில் 16-வது சேனல், போன் எட்டும் தூரத்தில் இருந்தால் கடலோரக் காவல்படை 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093.

எப்போது அடிக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்

பட்டறைக்கு வருகிறவரிடம் நான் முதலில் கேட்பது, “எப்பப்பா அடிச்சுச்சு?” அந்த ஒரு கேள்விக்குச் சரியான பதில் கிடைத்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

காலையில் குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்ததும் அடித்து, பிறகு நின்றுபோனால் ஆயில் பம்பு ஆயிலை இழுக்கத் தாமதமாகிறது, இல்லையென்றால் ஆயில் பில்டரில் திரும்பிப்போகாமல் தடுக்கும் வால்வு கெட்டிருக்கிறது. நன்றாகச் சூடேறி ஐடிலில் நிற்கும்போது மட்டும் ஆயில் அலாரம் என்றால் ஆயில் நீர்த்துப்போயிருக்கிறது, அல்லது பேரிங் தேய்ந்திருக்கிறது. முழு வேகத்தில் மட்டும் சூடு அலாரம் என்றால் தண்ணீர் ஓட்டம் போதவில்லை, அல்லது புரொப்பெல்லரில் வலை சுற்றியிருக்கிறது. கறுப்புப் புகையும் சேர்ந்து வந்தால் இரண்டாவதுதான். அலையில் படகு ஆடும்போது மட்டும் விட்டுவிட்டு அடித்தால் சம்பில் (என்ஜின் அடியில் ஆயில் நிற்கும் தொட்டி) ஆயில் குறைவு, இல்லாவிட்டால் எங்கோ ஒரு வயர் லூஸ். மழையிலோ தளத்தைக் கழுவிவிட்ட பிறகோ அடித்தால் வயர்தான், பெரும்பாலும்.

டெம்பரேச்சரும் சார்ஜ் விளக்கும் ஒன்றாக வந்தால் நேராகப் பெல்ட்டைப் பாருங்கள். பல என்ஜின்களில் வாட்டர் பம்பையும் ஆல்டர்னேட்டரையும் ஒரே பெல்ட்தான் சுற்றுகிறது. எல்லா விளக்குகளும் ஒரே நேரத்தில் மினுக்கினால் என்ஜினில் குறை தேட வேண்டாம். பேட்டரி முனையையும் எர்த் வயரையும் ஆட்டிப் பாருங்கள்.

சூடு அலாரம்: கடலில் இருந்து உள்ளே தேடுங்கள்

நம் கரையில் அதிகம் வருவது இதுதான். காரணம் கடலே. பாக் நீரிணை முழுக்கக் கடற்புல் திட்டுகள். ஆவுளியா என்ற கடற்பசுவுக்காகத் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையோரம் 448 சதுர கிலோமீட்டரை 2022-ல் பாதுகாப்பகமாக அறிவித்ததே அந்தப் புல் இருப்பதால்தான். ஆவுளியாவுக்குச் சாப்பாடு, நம் பம்புக்கு அடைப்பு. இது போதாதென்று சேறு, பிளாஸ்டிக் பை. கோடையில் கடல் தண்ணீரே 30 டிகிரிக்கு மேல் இருக்கும், அதனால் குளிரவைக்கும் சக்தியும் அந்த அளவுக்குக் குறைந்துவிடுகிறது.

தேடலைக் கடல் தண்ணீர் நுழையும் இடத்தில் தொடங்கி, அது வெளியேறும் இடம் வரை ஒவ்வொன்றாகப் போங்கள். நடுவில் தாண்டிக் குதிக்காதீர்கள்.

முதலில் சீ காக், அதாவது கடல் தண்ணீரை உள்ளே விடும் வால்வு. முழுவதும் திறந்திருக்கிறதா? கைப்பிடி திரும்பும், உள்ளே வால்வு திரும்பாது, அப்படியும் நடக்கும். அடுத்து ஸ்ட்ரெய்னர், குப்பையைப் பிடிக்கும் வடிகட்டி. வால்வை மூடிவிட்டு மூடியைத் திறந்து கூடையைக் கழுவுங்கள். திரும்ப மூடும்போது மூடியின் ரப்பர் வாஷரில் ஒரு புல் இழை மாட்டிக்கொண்டால்கூடப் பம்பு தண்ணீருக்குப் பதில் காற்றை உறிஞ்சும். கண்ணாடி மூடியாக இருந்தால் உள்ளே குமிழி ஓடுவது தெரியும்.

கூடை சுத்தம், வால்வும் திறந்திருக்கிறது, ஆனாலும் தண்ணீர் வரவில்லை என்றால் ஸ்ட்ரெய்னருக்கு முன்னால் உள்ள ஹோஸைக் கழற்றி வால்வைக் கொஞ்சம் திறந்து பாருங்கள். வாட்டர் லைனுக்குக் கீழே இருக்கும் வால்வு வழியாகக் கடல் தண்ணீர் தானாகவே பொங்கி வர வேண்டும். வராவிட்டால் அடைப்பு படகுக்கு வெளியே இருக்கிறது. வந்தால் உடனே மூடிவிட்டு பம்புக்கு வாருங்கள்.

கடல் தண்ணீர் பம்புக்குள் இருக்கும் ரப்பர் இம்பெல்லர்தான் அடுத்த சந்தேகம். தண்ணீர் இல்லாமல் ஒரு நிமிடம் சுற்றினாலே அதன் இதழ்கள் கருகத் தொடங்கும். நான்கு ஸ்குருவைக் கழற்றி மூடியைத் திறந்து பாருங்கள். இதழின் அடியில், மையத்தோடு சேரும் இடத்தில் மயிரிழை விரிசல் தெரிந்தாலே மாற்றிவிடுங்கள். ஒரு இதழ் காணவில்லை என்றால் புதியதைப் போட்டதும் வேலை முடிந்துவிடாது; காணாமல்போன துண்டு ஹீட் எக்ஸ்சேஞ்சரின் (கடல் தண்ணீரால் என்ஜின் தண்ணீரைக் குளிரவைக்கும் குழாய்ப் பெட்டி) வாயில் போய் உட்கார்ந்திருக்கும். அதைத் தேடி எடுங்கள். எடுக்காமல் விட்டவர்கள் அடுத்த வாரமே அதே அலாரத்தோடு வருகிறார்கள். புதிய இம்பெல்லருக்குக் கிளிசரின் அல்லது சோப்புத் தண்ணீர் தடவுங்கள், கிரீஸ் வேண்டாம். அது ரப்பரை ஊதவைக்கும்.

அப்புறம் ஹீட் எக்ஸ்சேஞ்சர். இரண்டு பக்க மூடியையும் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தால் குழாய்களில் எத்தனை அடைத்திருக்கின்றன என்று கண்ணுக்கே தெரியும். மரக் குச்சியாலோ பொருத்தமான நைலான் பிரஷ்ஷாலோ தள்ளுங்கள்; இரும்புக் கம்பி குழாயைக் கீறும். மூடியோரம் திருகியிருக்கும் துத்தநாகத் துண்டையும் கழற்றிப் பாருங்கள். கடல் தண்ணீர் உலோகத்தைத் தின்னும்போது முதலில் அதைத் தின்னட்டும் என்று வைத்தது அது. பாதி கரைந்திருந்தால் புதியது போடுங்கள்.

கடைசியில் எக்ஸாஸ்ட் எல்போ. கடல் தண்ணீர் புகையோடு கலக்கும் இந்த வளைவில் உப்பும் கரியும் சேர்ந்து கல்லாக இறுகும். மற்ற எல்லாவற்றையும் பார்த்தும் சூடு இறங்காத என்ஜினில் கை வைக்க வேண்டிய இடம் இது.

சில படகுகளில் இந்தப் பம்பு, எக்ஸ்சேஞ்சர் எதுவும் இருக்காது. அடிப்பக்கம் ஓடும் கூலர் குழாயிலேயே தண்ணீர் குளிரும். அதன் மேல் சேறும் சிப்பியும் ஏறினால் போர்வை போர்த்தியதுபோல ஆகிவிடும். வற்றத்தில் சேற்றில் உட்காரும் படகுக்கு இது அடிக்கடி வரும்.

கடல் தண்ணீர்ப் பக்கம் எல்லாம் சரி என்றால் உள் சுற்று, அதாவது என்ஜினுக்குள்ளேயே சுற்றும் கூலன்ட் தண்ணீர். கூலன்ட் மூடியைச் சூட்டில் திறக்காதீர்கள், முகத்தில் பீய்ச்சும். கையால் தொட முடிகிற சூட்டுக்கு ஆறிய பிறகு, துணியைப் போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புங்கள். அளவு குறைந்திருந்தால் எங்கே போனது என்று கண்டுபிடித்தாக வேண்டும். கூலன்ட் மிகக் குறைந்துவிட்டால் சென்சார் தண்ணீரில் இல்லாமல் காற்றில் நிற்கும், அப்போது அலாரம் தாமதமாகத்தான் வரும். ஸ்டார்ட் செய்த உடனே கூலன்டில் விடாமல் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட் போயிருக்கிறது. அது கரை வேலை.

ஊற்றும் தண்ணீர் பற்றி ஒரு வார்த்தை. நம் பக்கத்து போர் தண்ணீரில் கேனுக்கு அடியிலேயே வெள்ளைப் படிவு நிற்கிறது, என்ஜினுக்குள் நிற்காதா? வளவில் அண்டா வைத்துப் பிடித்த மழைத்தண்ணீர் அதைவிட எவ்வளவோ மேல். ஆனாலும் டிஸ்டில்ட் வாட்டரும் கூலன்டும் என்ஜின் புத்தகம் சொல்கிற விகிதத்தில் கலப்பதுதான் சரி.

சூடேறியதும் திறந்து கூலன்டை ஓடவிடும் தெர்மோஸ்டாட்டைச் சோதிப்பது சமையலறை வேலை. பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, நூலில் கட்டித் தொங்கவிட்டு, தெர்மாமீட்டரோடு சூடேற்றுங்கள். அதன் மேல் அச்சடித்திருக்கும் டிகிரி வரும்போது வாய் திறக்கத் தொடங்க வேண்டும். அதைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டுவது நம் ஊரில் ஒரு வழக்கம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. என்ஜின் சரியான சூட்டுக்கு வராமலே ஓடிக் கரி பிடிக்கும், சில என்ஜின்களில் கூலன்டின் பாதையே மாறிவிடும்.

ஆயில் அலாரம்: டிப் ஸ்டிக்கில் இருந்து கேஜ் வரை

நிறுத்தி ஐந்து பத்து நிமிடம் கழித்து டிப் ஸ்டிக்கை உருவுங்கள். அளவு குறைவா? ஊற்றுங்கள், கசிவு எங்கே என்று என்ஜின் அடியில் தேடுங்கள். அளவு கூடியிருக்கிறதா? அது குறைவதைவிடக் கெட்ட செய்தி. முகர்ந்து பாருங்கள். டீசல் வாடை வந்தால் இன்ஜெக்டரோ ஃபீட் பம்போ டீசலைச் சம்புக்குள் கசியவிடுகிறது. ஆயில் வெளுத்து, கலங்கி, நுரைத்து இருந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது. இந்த இரண்டிலும் மேலே ஆயில் ஊற்றிச் சமாளிக்க முடியாது, என்ஜினைத் திரும்ப ஓட்டவும் கூடாது. கட்டி இழுத்துக்கொண்டுதான் வர வேண்டும்.

அளவும் நிறமும் சரியாக இருந்தால்தான் சுவிட்ச் மேல் சந்தேகம் வர வேண்டும். இங்கேதான் கேஜ் சாட்சி. ஆயில் பிரஷர் சுவிட்சைக் கழற்றிவிட்டு, அதே துளையில் அதே மரை உள்ள ஒரு மெக்கானிக்கல் பிரஷர் கேஜைத் திருகுங்கள். பெரிய விலை இல்லை, டிராக்டர் சாமான் விற்கும் கடைகளில் கேட்டுப் பாருங்கள். ஸ்டார்ட் செய்யுங்கள். சூடேறிய டீசல் என்ஜின் ஐடிலில் சுமார் ஒரு கிலோ (சதுர சென்டிமீட்டருக்கு) பிரஷராவது காட்ட வேண்டும். ஓட்டத்தில் மூன்று முதல் ஐந்து கிலோ சாதாரணம். உங்கள் என்ஜின் புத்தகத்தில் வேறு எண் இருந்தால் அதுதான் கணக்கு. சுவிட்ச் பொதுவாக அரை கிலோவை ஒட்டித்தான் அலாரம் கொடுக்கும். அதாவது அது அடிக்கும்போது நிலைமை ஏற்கெனவே மோசம்.

கேஜ் நன்றாகக் காட்டினால் சுவிட்ச் கெட்டது, மாற்றுங்கள், முடிந்தது. கேஜும் குறைவாகக் காட்டினால் பில்டர், ஆயில் கிரேடு, சம்பில் உள்ள சல்லடை, ரிலீஃப் வால்வு, கடைசியாகப் பேரிங் என்று போக வேண்டும்.

சார்ஜ் விளக்கும் டீசலில் தண்ணீரும்

சார்ஜ் விளக்குக்குப் பெல்ட்டைப் பார்த்துவிட்டு மல்டிமீட்டரைப் பேட்டரியில் வையுங்கள். 12 வோல்ட் பேட்டரி என்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை காட்ட வேண்டும்; 24 வோல்ட் என்றால் அதன் இரட்டிப்பு. குறைவாக இருந்தால் கரைக்கு வரும்வரை தேவையில்லாத விளக்கையெல்லாம் அணைத்துவிடுங்கள், என்ஜினை நிறுத்தாதீர்கள். திரும்ப ஸ்டார்ட் ஆகாமல் போகலாம்.

தண்ணீர் கலந்த டீசலுக்கான அலாரம் இருந்தால், டீசலில் இருந்து தண்ணீரைப் பிரிக்கும் செப்பரேட்டரின் அடித் திருகைத் திறந்து தண்ணீர் போய்ச் சுத்தமான டீசல் வரும்வரை ஒரு பாட்டிலில் பிடியுங்கள். காற்று புகுந்திருந்தால் பிளீடிங் செய்து அதை வெளியேற்றுங்கள். மறுநாளே திரும்ப வந்தால் டேங்கைக் காலி செய்து கழுவுங்கள்.

அவுட்போர்டு என்றால்

மண்ணெண்ணெயில் ஓடும் பழைய அவுட்போர்டுகளில் பலவற்றில் அலாரமே கிடையாது. புதிய நான்கு ஸ்ட்ரோக் அவுட்போர்டுகள் சூடேறினால் ஹாரன் அடித்து, தாங்களாகவே ஆர்.பி.எம்.மைக் குறைத்துக்கொள்ளும். ‘இழுவை இல்லை’ என்று கார்புரேட்டரைப் பிரிக்கத் தொடங்கிவிடாதீர்கள்.

பக்கவாட்டில் தண்ணீர் பீய்ச்சுகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் நிறுத்தி, என்ஜினைத் தூக்கி, கியர் கேஸின் பக்கத்தில் உள்ள சல்லடைத் துவாரத்தில் புல்லோ பையோ ஒட்டியிருப்பதை எடுத்துவிட்டு இறக்கி ஸ்டார்ட் செய்யுங்கள். அதன் பிறகும் வரவில்லை என்றால் பீய்ச்சும் துளையில் மெல்லிய கம்பியை விட்டுப் பாருங்கள். அங்கே மட்டும் உப்பு அடைத்திருக்கலாம், உள்ளே தண்ணீர் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கலாம். இரண்டும் இல்லாவிட்டால் இம்பெல்லர்.

பொய் அலாரம்: வயரின் உள்ளே

கேஜ் ‘எல்லாம் சரி’ என்று சொன்ன பிறகும் சத்தம் நிற்கவில்லை என்றால் இப்போது வயர் பக்கம் வரலாம். ஒற்றை வயர் உள்ள சாதாரண சுவிட்சுகளுக்கு இந்த முறை. கம்ப்யூட்டர் பெட்டி வைத்த என்ஜின்களில் இதைச் செய்யாதீர்கள், அதற்கு ஸ்கேனர் உள்ள ஆளைக் கூப்பிடுங்கள்.

அலாரம் அடிக்கும்போது சுவிட்சின் தலையில் இருக்கும் வயரைக் கழற்றுங்கள். சத்தம் நின்றால் வயர் நல்லது, சுவிட்ச்தான் பழுது. தொடர்ந்து அடித்தால் அந்த வயர் வழியில் எங்கோ என்ஜின் உடம்பில் உரசி எர்த் ஆகிறது. எக்ஸாஸ்ட் பக்கமும் கிளாம்ப் கடிக்கும் இடங்களிலும் தடவிப் பாருங்கள். சோதித்து முடித்ததும் வயரைத் திரும்ப மாட்டிவிடுங்கள். ஆரம்பத்தில் சொன்ன ‘பிடுங்கி விட்ட வயர்’ பலதும் இப்படிச் சோதிக்கக் கழற்றி மறந்ததுதான்.

வெளியில் நன்றாகத் தெரியும் வயரை நம்பாதீர்கள். முனையில் இருந்து இரண்டு அங்குலம் உறையைச் சீவுங்கள். உள்ளே செம்பு மினுமினுக்காமல் கறுத்து, விரலால் தேய்த்தால் பச்சைப் பொடி உதிர்ந்தால், உப்புத் தண்ணீர் முனை வழியாக ஏறி உள்ளே வெகுதூரம் போயிருக்கிறது. கறுத்த பகுதி முடியும் வரை வெட்டிக்கொண்டே போங்கள். முடியவில்லை என்றால் முழு வயரையும் மாற்றுங்கள். வீட்டு வயரிங் செம்பை முறுக்கி, மேலே இன்சுலேஷன் டேப் சுற்றிய ஜாயின்ட்தான் இதற்கெல்லாம் மூலம். வெள்ளீயம் பூசிய செம்பு வயர், அழுத்திப் பிடிக்கும் லக், அதன் மேல் சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் என்று போட்டால் வருடக்கணக்கில் நிற்கும். பேட்டரி முனைக்கு வாசலைன் போதும்.

இரும்பைக் கடல் எப்படித் தின்கிறது என்பதை ஆராயும் சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்), அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில் 1953-ல் இருந்து நம் காரைக்குடியிலேயே இயங்குகிறது. மண்டபத்தில் கடலோரம் அதற்கு ஒரு சோதனைக் களமும் உண்டு. நம் ஊர்ப் படகுகளில் மட்டும் இன்னும் முறுக்கி டேப் சுற்றுகிறோம்.

மீன்பிடித் தடைக்காலத்தில் செய்ய வேண்டியவை

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு சும்மா நிற்கும். அந்த நாட்களில் இம்பெல்லர் ஒரே நிலையில் மடங்கிக் கிடந்தால் இதழ்கள் அப்படியே வளைந்து நின்றுவிடும். முதல் வாரத்திலேயே கழற்றி ஒரு பையில் போட்டு வையுங்கள். கழற்றியதை யாரும் மறந்து ஸ்டார்ட் செய்யாதபடி சாவியில் ஒரு அட்டையைக் கட்டித் தொங்கவிடுங்கள். கடல் தண்ணீர்ப் பக்கத்தை நல்ல தண்ணீரால் கழுவி விடுங்கள். எக்ஸ்சேஞ்சர் மூடி, எல்போ, துத்தநாகத் துண்டு, பெல்ட், வயர் முனைகள் எல்லாவற்றையும் இந்த இரண்டு மாதத்துக்குள் பார்த்து முடித்துவிடலாம். ஆயிலை நிறுத்தும்போதே மாற்றிவிடுங்கள். அழுக்கு ஆயில் 61 நாள் பேரிங்கில் ஊற வேண்டாம்.

ஜூன் 14-க்கு முந்திய நாட்களில் காரைக்குடியிலும் தொண்டியிலும் எல்லாப் பட்டறையிலும் கூட்டம் மொய்க்கும், இம்பெல்லர் கையிருப்பு தீர்ந்துவிடும். மே மாதமே கொண்டுவாருங்கள். படகில் எப்போதும் ஒரு இம்பெல்லர், அதன் மூடிக்கு கேஸ்கெட், ஒரு பெல்ட், ஒரு ஆயில் சுவிட்ச், அதே மரைக்கான கேஜ், ஐந்து லிட்டர் ஆயில், மல்டிமீட்டர் இருக்கட்டும். இவை எல்லாம் மூடியுள்ள ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் அடங்கும், ஆயில் கேனைத் தவிர.